பத்தொன்பது நாள் ஒத்திகை

உங்கள் அப்பாவுக்குத் தேநீர் கொதிக்கக் கொதிக்க வேண்டும், ஹனாயே. ஆறினால் குடிக்கமாட்டார். டோக்கியோவில் இருந்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். வில்லரேயில், இந்த வீட்டில், ஒன்பது வருடம் அவரைப் பராமரித்தவள் நான். நேற்று வந்து இறங்கியதிலிருந்து அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அறுபது வருடம் நடித்தவர். மேடையிலும் படத்திலும் அடகுக்கடைக்காரர், ரயில் நிலைய அதிபர், இரண்டாம் காட்சியிலேயே கொல்லப்படும் பொலிஸ்காரர். கதாநாயகன் அழுவதற்காகச் செத்துக்காட்டுவதுதான் தன் தொழில் என்று சிரிப்பார். எழுபத்தெட்டு வயதில், பார்வை முக்கால்வாசி போன பிறகு, டோக்கியோ நாடகக் குழு ஒன்று முதல்தடவையாக அவரை முதன்மை வேடத்துக்கு அழைத்தது. கண் தெரியாத மீனவர்.

வசனங்களைக் குரல்பதிவாக என் கைபேசிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கேட்ட ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்வேன். அவர் சொல்லச் சொல்ல என் விரல் வரிகளில் ஓடும், பிழைத்தால் நிறுத்துவேன். இங்கே கிடைத்த சின்ன வேடங்களுக்கும் இப்படித்தான் செய்தோம். வசனம் எடுத்துக்கொடுப்பவரோடு வாதாடக்கூடாது என்பது அவர் இளவயதில் படித்த ஒழுங்கு. நான் நிறுத்தினால் தலைகுனிந்து மறுபடி தொடங்குவார். பதிவைப் போட்டுக்காட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

தான் டோக்கியோவுக்குப் போனபின் எனக்கு வேறு வேலை கிடைக்க நல்ல கடிதம் தருவதாகச் சொன்னார். மெர்சி என்று பிரெஞ்சில் நன்றியும் சொன்னார். செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் என் சிநேகிதி செண்பகத்திடம் இதைச் சொன்னேன். எங்கள் மட்டக்களப்புக்காரி, வாய் சும்மா இராது.

"என்னகா றொசானா, கிழவன் உன்னக் கைகழுவிற்றார் போல. ஒன்பது வருசம் சோறு தீத்தினதுக்கு ஒரு கடதாசியா?"

நானும் சிரித்தேன். மெத்ரோ ரயிலிலும் சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த நகரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வேறு வீடு இல்லை.

மறுநாள் ஒத்திகையில் முதல் வசனத்தைச் சரியாகச் சொன்னார். இல்லை என்றேன். மறுபடி அதையே சொன்னார். இல்லை என்றேன். தலைகுனிந்தார். அன்று ஒருநாள் மட்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் உண்மையாகவே தடுமாறத் தொடங்கினார். எனக்கும் அது வேதனையாக இருந்தது. அவருக்குப் பிடித்த மீன் சூப் வைத்துக்கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் எழுந்து நின்று டோக்கியோ நாடகக் குழுவோடு கைபேசியில் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கைபேசிக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வசனம் எதுவும் அனுப்பவில்லை.

மருத்துவர் ஸ்கான் எடுத்துப் பார்த்தார். மூளையில் ஒன்றுமில்லை, மனந்தான் உடைந்திருக்கிறது, அதிர்ச்சி எதுவும் கூடாது என்றார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத்தான் நம்புகிறார். இன்று செவ்வாய்க்கிழமையா, குளித்துவிட்டேனா, என் மனைவி இறந்துவிட்டாளா. சிலவற்றுக்கு ஆம் என்பேன், சிலவற்றுக்கு இல்லை என்பேன். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

நேற்று வாசலில் உங்கள் குரல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டினார், நீங்களும் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் சாய்ந்து, அது என் மகளா என்று மெதுவாகக் கேட்டார். நீட்டிய கை ஏன் அப்படித் தொங்கிப்போனது என்பதுதானே உங்கள் கேள்வி. காதோடு காதாக, இல்லை என்றேன்.

அதிர்ச்சி கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். யாராவது ஒருவர் அவர்மேல் அக்கறையாக இருக்கவேண்டாமா?