நெய்க்குப் பதிலா

அன்னைக்கு ஜெமிலா ஒண்ணு சொல்லலை. "அக்கா, இது நான் சொன்ன அல்வா இல்லை." சின்ன வாக்கியம்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு... முழுங்கிட்டா.

ஏன் முழுங்கினா? குட்டிக் கதைதான் அக்காமாரே, சொல்லிடுறேன். பின்னால பிரியாணி அண்டா திறக்கிற சத்தம் எனக்கும் கேட்குது, பயப்படாதீங்க.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபை, நம்ம சர்ச் மாதிரிதான். அங்கே இந்த ஜெமிலா. வீட்டிலேயே பலகாரம் செஞ்சு ஆர்டருக்குக் கொடுக்கணும்னு அவளுக்கு ஆசை. அதுக்கு முதல்ல பேர் வேணுமே? அதனால சபைப் பெண்கள் சங்கத்து வாட்ஸப் குழுவில சுலபமான செய்முறையாப் போட்டுக்கிட்டே இருந்தா. பச்சைச் சட்னி தடவின சாண்ட்விச், அவல் லட்டு... கடைசியா பிரெட் அல்வா. பிரெட், பால், சர்க்கரை, நெய். சின்னத் தீ, கைவிடாமக் கிளறணும். இதுல என்ன கஷ்டம்?

எல்லாரும் கைகூப்புற படம் போட்டாங்க. நம்ம வழக்கப்படி யாரும் செய்யலை. ஒரே ஒருத்தர் செஞ்சாங்க. சங்கத் தலைவி ரத்தினபாய் அக்கா.

அறுப்பின் பண்டிகை வந்துச்சு. காணிக்கையா வந்த பூசணிக்காய், சேவல், பலகாரம் எல்லாம் ஏலத்துக்கு வரிசையா இருக்கு. நடுவில ஒரு பெரிய தட்டு. மேல ஒரு சீட்டு: 'ஜெமிலா அல்வா'. ஜெமிலா கிட்டப் போய்ப் பார்க்கிறா... அல்வா கறுப்பா இருக்கு.

"ஏட்டி ஜெமிலா, உன் செய்முறைதான். அப்படியே செஞ்சேன்"னு பக்கத்தில வந்து நின்னாங்க அக்கா.

"எந்த பிரெட் போட்டீங்கக்கா?"

"பிரெட்டுக்கு எங்கே போக? ரஸ்க் கிடந்துச்சு."

"சரி... சர்க்கரை?"

"உங்க அத்தானுக்குச் சுகர் இருக்குல்லா. கருப்பட்டி போட்டேன்."

"நெய்?"

"கொழுப்பு ஏறும்ட்டி. நெய்க்குப் பதிலா கடலை எண்ணெய்."

"சின்னத் தீயில கிளறினீங்களா?"

"யாரு நின்னு கிளறுவா? குக்கர்ல வச்சு விசில் விட்டேன். மத்தபடி எல்லாம் நீ சொன்னதுதான்."

மத்தபடின்னா... என்ன மிச்சம்? பால் மட்டும்தான்.

"ருசி பார்த்தீங்களாக்கா?"

"காணிக்கைப் பண்டத்தை வாயில வைப்பாங்களா? ஆண்டவருக்குன்னு செஞ்சதுட்டி."

ஆண்டவர் பாவம்.

இப்ப யோசிங்க. இதை யாராவது ஏலத்தில எடுத்து வீட்ல போய்க் கடிச்சா, அவங்க பல்லு போச்சு, ஜெமிலா பேரும் போச்சு. ஒரு ஆர்டர் வருமா? 'இது என்னுது இல்லை'ன்னு சொன்னாலோ, சபை முன்னாடி அக்கா மானம் போச்சு. எந்தப் பக்கம் போக?

ஏலம் விடுற தங்கதுரை மாமா தட்டைத் தூக்கிட்டார். "ஜெமிலா அல்வா... ஒரு தரம்..." பின்னால ஒருத்தர் கை தூக்கினார். ஜெமிலா அதுக்கு மேல கேட்டா. அவர் ஏத்தினார். இவளும் ஏத்தினா.

"ஏ பிள்ளை, உன் அல்வா மேல உனக்கே இவ்வளவு ஆசையா?"ன்னு மாமா கேட்க, கூட்டமே சிரிச்சுது. கடைசியில தட்டு ஜெமிலா கையில.

ரத்தினபாய் அக்காவுக்குத் தரையில கால் பாவலை. "பார்த்தீங்களா, சொல்லிக் கொடுத்தவளே போட்டி போட்டு வாங்குறா."

ஜெமிலா ரெண்டு துண்டு எடுத்துப் பொட்டலம் கட்டினா. அக்கா கையில கொடுத்தா. "வீட்டுக்குப் போய் அத்தானோட சாப்பிடுங்கக்கா." அவ்வளவுதான் சொன்னா.

சிரிக்கிறீங்க. யாரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க அக்காமாரே?

ஞாயிறுதோறும் பிரசங்கத்தில நமக்கும் ஒரு செய்முறை சொல்றாங்களே... மன்னிக்கணும்னாங்க. மன்னிப்பு கைவசம் இல்லை, பேச்சை நிறுத்திட்டேன். பொறுமையா இருக்கணும்னாங்க. பொறுமைக்குப் பதிலா பாத்திரத்தை ணங்குன்னு வச்சேன். பக்கத்து வீட்டை நேசிக்கணும்னாங்க. நேரம் இல்லை, ஸ்டேட்டஸ்ல ரோஜாப்பூ போட்டேன். மத்தபடி எல்லாம் வேதத்தில சொன்னதுதான்... அப்புறம் முழங்கால் போட்டு, 'ஆண்டவரே, வாழ்க்கையில ருசியே இல்லையே'ன்னு அவர்கிட்டயே புகார்.

ஒரு தடவையாவது சொன்னதைச் சொன்னபடி செஞ்சு பார்ப்போமா? அவர் முன்னாடி கொண்டுபோய் வைக்கிறதுக்கு முன்னால, ஒரு விள்ளல் நம்ம வாயில போட்டுப் பார்ப்போமா?

அடுத்த வாரம் ஜெமிலாவுக்கு முதல் ஆர்டர் வந்துச்சு. ரத்தினபாய் அக்கா வீட்டிலேர்ந்து, பிரெட் அல்வா. நெய்யை அக்காவே வாங்கிக் கொடுத்து விட்டிருந்தாங்க.