விட்டுப்போன ‘ஆம்’

மைக்கில் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, ஐயா. வக்கீல்கள் அதை ஐஸ்கிரீம் மாதிரி வாயோடு ஒட்டிக்கொள்வார்கள். சாட்சிகள் பாம்பைக் கண்டதுபோல் விலகி நிற்பார்கள். எல்லோர் குரலும் நீதிபதிக்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சிறையில் இருப்பவர்களை இப்போதெல்லாம் நேரில் கூட்டி வருவதில்லை. அங்கே கேமராவின் முன் உட்காரவைப்பார்கள், இங்கே நீதிமன்றச் சுவரில் தெரிவார்கள். நடுவில் நான்.

அந்தப் பெயிண்டரும் அப்படித்தான் சுவரில் தெரிந்தார். கட்டடச் சாரத்திலிருந்து மேஸ்திரியைத் தள்ளிக் கொன்றதாக வழக்கு. அப்போது சாரத்தில் இன்னொருவனும் இருந்தான். அவன் என் தம்பி. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பெயிண்டருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. தம்பி போலீஸ் வருமுன் வீட்டுக்கு ஓடிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினான்.

“என்னடா ஆச்சு?”

“எதுவும் கேக்காதண்ணே.”

நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துகொள்பவன்தானே அண்ணன்.

“குற்றச்சாட்டைப் பத்தி என்னப்பா சொல்ற?” என்று நீதிபதி கேட்டார். பெயிண்டர் வெறுத்துப்போய்ச் சொன்னார்: “நான்தான் தள்ளிவிட்டேனாம். கூட ஒருத்தன் நின்னான், அவனைத் தேடிப் பிடிச்சுக் கேளுங்க.”

‘தள்ளிவிட்டேன்’ வந்ததும் ஒலியை நிறுத்தினேன். வாலில் இருந்த ‘ஆம்’ இந்தப் பக்கம் வரவில்லை. ஊர் சொல்லும் பழி என்று அவர் சொன்னது, அவரே ஒப்புக்கொண்டதாக அறையில் விழுந்தது. நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. “லைன் போயிடுச்சுங்க ஐயா,” என்றேன். கேட்டவரைக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னார் நீதிபதி. இணைப்பு திரும்பியதும் பெயிண்டர் கேட்டார்: “நான் சொன்னது கேட்டுச்சாங்க?”

“நல்லா கேட்டுச்சு,” என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மனது வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த ஒப்புதலை வைத்தே ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர் சிறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார்.

செய்தி தெரிந்ததும் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். “யாருமே தள்ளலண்ணே. பலகை வழுக்கிடுச்சு. அந்த மனுசன் மேஸ்திரி கையைப் பிடிச்சு இழுக்கத்தான் பார்த்தாரு. ஸ்டேஷனுக்குப் பயந்து வாயைத் திறக்காம இருந்துட்டேன். நாளைக்குக் கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். போனவர் போய்விட்டார், இனி யாருக்கு என்ன லாபம் என்றேன். அவன் கேட்கவில்லை. அவன் வாய் திறந்தால், சிறைப் பக்கக் கேமராவில் பதிவானதையும் போட்டுக் கேட்பார்கள். அதில் பெயிண்டர் சொன்னது முழுதாக இருக்கிறது. நேற்று இந்த ஸ்டேஷனில் நீங்கள் போட்டுக் கேட்டீர்களே, அதேதான்.

அழுது களைத்துத் தூங்கிப்போனான். தலையணையை நான்தான் அவன் முகத்தில் வைத்து அழுத்தினேன். அதிகம் சிரமப்படவில்லை, பாவம்.

பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். ஆனால், சாகும்வரை என் தம்பிமேல் ஒரு வழக்குகூட நான் வரவிடவில்லை, ஐயா.