ஆனைப்புளியின் வயது

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது, இன்ஸ்பெக்டர் அம்மா. தேநீரில் இனிப்பைக் குறைக்க வேண்டாம்.

எங்கள் ஊர் மாதா கோயில் வாசலில் நிற்கும் ஆனைப்புளி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேர் கைகோத்தால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். வேளாங்கண்ணிப் பக்கம் அப்படி இன்னொரு மரம் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் எங்கள் முன்னோர் நட்டது. அதனால்தான் திருவிழாக் கொடியை அதன் அடியில் வைத்து, எங்கள் வீட்டு மூத்தவர் எடுத்துக் கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். இப்போது மூத்தவன் நான். எனக்குப் பிள்ளை இல்லை.

என் தம்பி மகள் அனிட்டா மரங்களின் உள்ளமைப்பைப் படித்தவள். தாய் தகப்பன் இல்லாத பெண். படிக்க வைத்தது நான்தான். போன வாரம் அந்த மரத்தில் துளைக்கருவியைத் திருகி, பென்சில் கனத்தில் ஒரு குச்சியை உருவினாள். லென்ஸ் வைத்துக் காட்டினாள். நல்ல மழை பெய்த வருஷத்து வளையம் அகலம். மழை பொய்த்த வருஷத்தது நூல்.

"எண்பது வளையம் இருக்கு பெரியப்பா" என்றாள். அதற்குள் கூட்டம் கூடியிருந்தது.

லியோ சிரித்தான். அவன் தாத்தா எங்கள் களத்துக்குக் காவல் இருந்தவர். "எண்பதுன்னா எங்க தாத்தா வச்சதுதான். இந்த வருஷம் கொடிய நான் எடுத்துக் குடுக்குறேன். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாருங்கய்யா."

நான் நடந்துவிட்டேன். "பெரியப்பா, நில்லுங்க, இன்னும் இருக்கு" என்று அனிட்டா பின்னாலேயே வந்தாள். தெருவில் நின்று பெண்பிள்ளையிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். "முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்றாள். "முதல்ல மோரக் குடி" என்றேன். வயலில் பூச்சிக்கு வாங்கிய குருணை மருந்தை அதில் கலந்திருந்தேன். பெரியவர்கள் சொன்னால் தட்டமாட்டாள், வளர்ப்பு அப்படி. "உப்பு கூடிப்போச்சு பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதன் பிறகு அவளால் பேச முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அவளுடைய அடக்கத்துக்கு வந்த பேராசிரியர் காலையில் உங்களிடம் சொன்னதைச் சற்று முன் சொன்னீர்கள். அந்தக் கருவி ஒரு முழத்துக்கு மேல் உள்ளே போகாதாம். எண்பது என்பது அந்த வெளி முழத்துக்குள் இருப்பது மட்டும்தானாம். நடுமையம் வரை அதைப் போல நாலு மடங்கு இருக்குமாம். பிள்ளை அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள்.

கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. முந்நூறு என்று படித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். லியோ இனி வாய் திறக்க முடியாது. நான் ஜெயிலுக்குப் போனாலும் கவலையில்லை. எனக்குப் பிறகு கொடியை அனிட்டாதான் எடுத்துக் கொடுப்பாள் என்று ஊரில் எப்போதோ சொல்லி வைத்துவிட்டேன்.