முந்திரிக்கொட்டை மச்சம்

— அப்போ நம்ம நர்ஸிங் வகுப்புல நாற்பது பேரும் எழுதின நாற்பது குழந்தைக்கும் இடது தொடையில முந்திரிக்கொட்டை மச்சமா? மெரீட்டா, இது பிரசவ வார்டா, முந்திரித் தோட்டமா?

— மெதுவா பேசு ரின்ஸி. டெல்மா சேச்சி தூங்குறாங்க.

— பிரசவம் ஆன பொம்பள கட்டில் உடைஞ்சாலும் முழிக்க மாட்டா. நீ விஷயத்துக்கு வா.

— நேத்து இந்தக் குழந்தைய நான் பார்க்கவே இல்ல. சீனியருங்க கைமாத்தி விட்ட பரம்பரை நோட்டப் பார்த்து என் நோட்டுல அப்படியே எழுதிட்டேன்.

— அந்த நோட்டு எதுக்கு இருக்கு? எழுதினவ பேரு தெரியாட்டியும் அவ புண்ணியத்துல பத்து வருஷமா எல்லாரும் பாஸாகறோம். புனிதவதி ஆக்கிடலாம், அற்புதம் கணக்கு இருக்கு.

— காலையில துணி மாத்தினப்போதான் பார்த்தேன். கண்ணு ஓரம் மேல ஏறியிருக்கு. மூக்குத் தண்டு சப்பையா இருக்கு. பின்கழுத்துல தோல் கொசகொசன்னு. கை நடுவுல ஒத்த ரேகை.

— எனக்கும்தான் ஒத்த ரேகை, இதோ பாரு. கணக்குல தொண்ணூறு வாங்கினவ நான். புத்தகம் படிச்சதுலேருந்து உனக்கு ஊரெல்லாம் டவுன் சிண்ட்ரோம். போன வாரம் கேன்டீன் குஞ்ஞச்சன் காலப் பார்த்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல பஸ்ஸே போகும்னு சொல்லல?

— அவருக்கு அது செருப்பு போட்ட தேய்மானம். இவன் இன்னும் தரையையே தொடலடீ, இவனுக்கும் அதே இடைவெளி. ஒண்ணு இருந்தா விட்டுடலாம், ஆறு இருக்கு. மார்பத் தாங்கிக் குப்புறத் தூக்கினா, நனைஞ்ச துண்டு மாதிரி தொங்குறான்.

— தொங்குறானா?

— தொங்குறான்.

— மாதாவே. டாக்டர் பார்க்கலையா?

— அவர் நேத்து எட்டிப் பார்த்தப்போ இவன் துணி மூட்டைக்குள்ள இருந்தான். பன்னெண்டு மணிக்கு டிஸ்சார்ஜ்னு கையெழுத்துப் போட்டுட்டு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. இந்த மாதிரிக் குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு இதயத்துல ஓட்டை இருக்கும்டீ. அதோட சத்தம் முதல் ரெண்டு நாள் காதுக்கே பிடிபடாது. ஸ்கேன் எடுக்காம எப்படி அனுப்புறது?

— போய் நம்ம டீச்சர் சிஸ்டர் பெர்த்தில்லாகிட்ட சொல்லு.

— சொன்னா என் நோட்டக் கேப்பாங்க. அதுல 'உள்ளங்கையில ரெண்டு ரேகை, கை கால் உறுதி'ன்னு என் கையெழுத்துல இருக்கு. நாளைக்கு வெளி எக்ஸாமினர் வேற வராங்க. என்னை மட்டும் இல்ல, நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— எங்கப்பா என்னை உயிரோட கப்பைக்கிழங்கு மாதிரி நட்டுடுவாரு. சரி, நட்டா நடட்டும். வா, ரெண்டு பேரும் போலாம்.

— போறதுக்கு முன்னால அந்த நோட்ட எனக்கு வாசிச்சிட்டுப் போங்க.

— ஐயோ, சேச்சி. முழிச்சிட்டீங்களா?

— கட்டில் உடையல. சும்மாதான் முழிச்சேன்.

— சேச்சி, இவ ஏதோ பைத்தியம் மாதிரி உளறினா. குழந்தை நல்லா...

— கதை விடாதே. நான் எட்டு வருஷம் குவைத்துல பச்சைக் குழந்தைங்க ஐ.சி.யூ.ல வேலை பார்த்தவ. நோட்ட வாசி, மெரீட்டா.

— சேச்சி, அது பொய்.

— தெரியும். கேக்கறதுக்கு எப்படி இருக்குன்னு பார்க்கணும். வாசி.

— 'அழுகை பலமாக உள்ளது. கண்கள் இயல்பு. இரு உள்ளங்கையிலும் இரண்டு ரேகைகள். கை கால் உறுதி. இடது தொடையில் முந்திரிக்கொட்டை வடிவில் பழுப்பு மச்சம்.'

— மச்சமா?

— இவனுக்கு இல்ல சேச்சி. ஒரு குழந்தைக்கும் இல்ல. எல்லாரும் எழுதறோம்.

— எவளோ ஒருத்தி நிஜமா பார்த்து எழுதினது சேச்சி. இல்லாட்டி மச்சத்தோட உருவம் வரைக்கும் எப்படி எழுதுவா?

— குஞ்ஞச்சன் கேன்டீன்ல பழம்பொரி தின்னுக்கிட்டு எழுதினா. வெறும் 'இயல்பு, இயல்பு'ன்னு எழுதினா பெர்த்தில்லா சந்தேகப்படுவாங்க. மச்சம் ஒண்ணு வெச்சா நம்புவாங்கன்னு தோணிச்சு. எதிர்ல ஒரு தட்டுல முந்திரி இருந்தது.

— சேச்சிக்கு எப்படித் தெரியும்?

— இங்க படிச்சப்போ அந்தக் குழந்தையோட துணிய நான் பிரிக்கவே இல்லடீ. இவன் பொறந்தப்போ கழுத்த மட்டும் பார்த்தேன், புரிஞ்சிடுச்சு. ரெண்டு நாளா கண்ண மூடிப் படுத்திருக்கேன், இவன் கையையும் இன்னும் பிரிக்கல. நோட்ட என்கிட்ட குடு. நீ ஒவ்வொண்ணா பார்த்துச் சொல்லு மோளே, இந்தத் தடவை நான் நிஜத்த எழுதறேன்.