முருங்கைக்கீரையும் மடியில் துண்டும்

"அத்தை, நீங்க எனக்குத் துரோகம் பண்ணிட்டீங்க."

ஆவடி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மருமகள் மாமியாரிடம் கத்தினாள். இருவரும் கொரியத் தொடரைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், தனியாகப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் பேச்சாம். எனக்கு அந்தத் தொடர்கள் என்றாலே எரிச்சல்.

"மழையில குடைய அவகிட்ட குடுத்துட்டு நனைஞ்சுகினே போனானே, அந்தத் தங்கமான புள்ளைக்கு நேத்து ஆபரேஷன்! நான் அழுதுகினு கீறேன், நீங்க பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவுறீங்க. பொழச்சிப்பான்னு தெரியாம எப்டி கை ஓடும்?"

"நம்ம சீரியலா இருந்தா அந்த ஆபரேஷனே ஒரு மாசம் ஓடும்டி. கொரியாக்காரன் அதே எபிசோடுல கண்ணத் தொறக்க வச்சுட்டான். இன்னா வேகம்!"

"பேச்ச மாத்தாதீங்க. நேத்து மத்தியானமே தனியா பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்! மனசு கேக்கல, பாத்தேன்."

என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.

மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். "நீ மட்டும் யோக்கியமா? அவன் மயங்கி வுழறதுக்கு முன்னாடியே அழறதுக்குத் துண்ட எடுத்து மடியில வச்சுகினியே, ஏன்? பஸ்ல அத்தினி பேரும் கேட்டுகினு கீறாங்க. சொல்லுடி, நீ எப்ப பாத்த?"