முழங்கால் சாயும் பக்கம்

— எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லி ரெண்டு தடவை கடிதம் வந்திருக்கு, டோர்கெல். ரெண்டையும் தள்ளிப் போட்டிருக்கீங்க.

— ரெண்டும் செப்டம்பர்ல வந்தா நான் என்ன செய்ய, சோல்வெய்க்? ஆப்பிள் பறிக்கிற மாசம். மரம் எனக்காகக் காத்திருக்குமா? அதோட, நீங்க குடுத்த தாள் எங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. இடுப்புக்கு நேரா பச்சை, அப்படின்னா பயமில்லைன்னுதானே.

— அது ரெண்டு வருஷத்துப் பழைய பச்சை. உங்க பொண்ணு இல்வாவுக்கு அப்ப நாலு வயசு. அன்னிக்கு நல்லா இருந்தாங்கறதுதான் அதுக்கு அர்த்தம். பரீட்சையில பாஸ் ஆன மாதிரி மாட்டி வச்சுட்டா எப்படி?

— பிசியோதெரபிக்காரங்க எல்லாருமே இப்படித்தானா?

— இருபது வருஷமா இதே பாட்டுதான். பிள்ளையைச் சக்கர நாற்காலியிலேர்ந்து தூக்கி மெத்தையில விடுங்க. இல்வா செல்லம், என் கை ஜில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கோ. காலை விரிக்கிறேன்.

— சிரிக்கிறா பாருங்க. வலிச்சா சிரிப்பாளா?

— வலது கால் நாப்பது டிகிரி விரியுது. இடது இருபதுதான். போன கோடையில கூட முப்பத்தஞ்சு இருந்துது. இப்ப தாள்ல இது சிவப்பு.

— குளிருக்கு விறைச்சிருக்கும்.

— முழங்கால் ரெண்டும் வலப்பக்கமே சாயுதே, அது எப்பலேர்ந்து?

— அந்தப் பக்கம்தானே ஜன்னல் இருக்கு. வீட்டுலயும் அப்படித்தான் படுப்பா. வேடிக்கை பாக்கணும் மகாராணிக்கு.

— தசை இழுத்து இழுத்து, தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டு மெல்ல நகரும், டோர்கெல். வலியே தெரியாது. இப்பவே பிடிச்சா சின்ன ஆபரேஷனோட போயிடும். கீழே எக்ஸ்ரேக்குப் பதினொரு மணிக்கு ஒரு இடம் கேட்டு வச்சிருக்கேன்.

— அந்த ஆபரேஷனுக்குப் பயந்துதான் நான் வரல. போதுமா? ஆப்பிள் எல்லாம் சும்மா சாக்கு.

— பயம் இருக்கத்தான் செய்யும்.

— வலிக்கிற பிள்ளை எப்படி அழும்னு எனக்குத் தெரியும். என் தம்பி ரூனருக்கும் இவளை மாதிரியே மூளை முடக்குவாதம்தான். அவன் பிரசவத்துல மூச்சுத் திணறினவன், இவ குறைமாசம், ரெண்டுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டர் சொன்னார். எட்டு வயசுல அம்மா கால்சட்டை மாட்ட வந்தாலே அலறுவான். பிடிவாதக்காரன்னு திட்டுவோம். நானும்தான் திட்டினேன். அவனை மாதிரி இவ என்னிக்கு அழறாளோ, அன்னிக்கே தூக்கிட்டு வர்றேன்.

— அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களா?

— அப்பல்லாம் யாரு வருஷா வருஷம் எடுத்தா? அழ ஆரம்பிச்சு மூணு வருஷம் கழிச்சு எடுத்தாங்க. எலும்பு குழிக்கு வெளியில கிடந்துது. இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டாங்க.

— அழறதுக்கு முந்தி? இவ வயசுல எப்படி இருந்தான்?

— நல்லாத்தான் இருந்தான். எப்பவும் சிரிப்புதான். சமையலறை பெஞ்சுல மல்லாந்து படுத்திருப்பான், முழங்கால் ரெண்டும் ஒரே பக்கமா சாய்ஞ்சு...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— அவன் சாய்ஞ்ச பக்கம் ஜன்னல் இல்ல, சோல்வெய்க். வெறும் சுவர்தான். பதினொரு மணின்னீங்கல்ல? விடுங்க, நானே தூக்கிட்டு வர்றேன்.