கரடிக்கு ஒரு மச்சம்

— மெதுவா எடும்மா, பழைய பொம்மை அது. கீழ போட்டா அந்தக் கடைக்காரர் நம்ம தலையில கட்டிடுவார்.

— நீ வாயை மூடுடி. இந்தக் கண்ணைப் பாரு. இமை முடியெல்லாம் வெளியிலேருந்து உள்ள இழுத்திருக்கு. இடது கைக்காரி எழுதினது. எங்க பொம்மை ஃபேக்டரியில இடது கைக்காரி நான் ஒருத்திதான்.

— மேளம் அடிக்கிற தகரக் கரடி. இது மாதிரி ஆயிரம் இருக்கும்மா.

— ஒரு நாளைக்கு அறுநூறு கண்ணு எழுதினவகிட்டயா சொல்ற? திருப்புறேன், தாடைக்கு அடியில பாரு. எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு.

— ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு. மச்சம் மாதிரி.

— அம்மாடி! கடவுளே!

— என்னம்மா? உக்காரு முதல்ல. எதுக்கு அழற?

— நான் வச்ச மச்சம்டி அது! அப்போ நீ ஒன்பது மாசக் குழந்தை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் கண்ணு எழுதுறோம், நம்ம பிள்ளைக்கு ஒண்ணு இல்லையேன்னு மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம ஒரே ஒரு கரடிக்கு மச்சம் வச்சு அனுப்பினேன். சம்பளத்தன்னிக்குக் கடை கடையா ஏறி, ஒவ்வொண்ணா தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எவளோ முந்திக்கிட்டா.

— வேற ஒண்ணு வாங்க வேண்டியதுதானே?

— மத்ததெல்லாம் கம்பெனிக்கு எழுதின கண்ணு. இது உனக்கு எழுதினது.

— அப்போ, போற ஊர்லயெல்லாம் பழைய சாமான் கடைக்குள்ள நுழைவியே, இதுக்குத்தானா? நாப்பது வருஷமாவா? நான் உனக்குக் கிறுக்குன்னுல்ல நினைச்சேன்.

— கிறுக்குதான், போ. கடைக்காரரைக் கூப்பிடு.

— அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. இந்தக் கரடி என்ன விலை?

— ஐயையோ, அதை மட்டும் வச்சிடுங்க தங்கச்சி. வேற எதை வேணா எடுங்க, கொசுறு கூடத் தரேன். அது விக்கிறதுக்கு இல்ல.

— விக்காததை எதுக்குக் கடையில வச்சிருக்கீங்க?

— வீட்ல வச்சா பசங்க பிச்சுப் போட்டுடுவாங்க. நான் கிடக்கிறதும் பூரா இங்கதானே.

— தம்பி, இந்தக் கண்ணு நான் எழுதினது. பதினாலு வருஷம் அந்த ஃபேக்டரியில இருந்தேன்.

— நிஜமாவா? தாயே! சின்ன வயசுல தினம் இந்தக் கண்ணு முன்னாடிதான் முழிச்சேன். அதை எழுதின கையா இது? ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?

— எங்கம்மாவுக்கு அது ரொம்ப முக்கியம்ணே. எவ்வளவு கேட்டாலும் தரோம்.

— காசு விஷயம் இல்ல தங்கச்சி. என் தாடையைப் பாருங்க, மச்சம் தெரியுதா? பள்ளிக்கூடத்துல "ஈ, ஈ"ன்னு பசங்க விரட்டுவாங்க. இனிமே போகமாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். மறுநாள் எங்கம்மா இதைக் கொண்டுவந்து திருப்பிக் காட்டினாங்க. "பாருடா, உன்னை மாதிரியே இதுக்கும் நானே மச்சம் வச்சேன்"னு சொன்னாங்க. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரு போட்டோ கூட இல்ல. அவங்க கைபட்டதுன்னு எனக்கு மிச்சம் இந்த ஒரு புள்ளிதான்.

— அம்மா, சொல்லேன்.

— நீ சும்மா இரு.

— என்னம்மா சொல்லணும்?

— ஒண்ணுமில்ல தம்பி. இந்தாங்க, பத்திரமா வைங்க. கண்ணு மட்டும்தான் நான் எழுதினது. எங்க ஃபேக்டரியில மச்சமெல்லாம் வைக்கமாட்டாங்க. அது உங்கம்மா கைதான்.